மாவு மில் ராமையாவின் நாள் அட்டை

போன மாதம் சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். ‘நலமாக வாழப் பத்துப் பழக்கங்கள்’ என்று நான்கு மொழிகளில் சுவரொட்டி. நன்றாகத் தூங்கு, காய்கறி சாப்பிடு, நட, கவலைப்படாதே என்கிற வகை. ஏற்பாடு செய்த இளம் தாதியிடம் யாரோ என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். “அங்கிள், நீங்க அந்தக் காலத்துல டி.பி. கிளினிக்ல வேலை பாத்தீங்களாமே? ஒரு டென் மினிட்ஸ் பேசுங்களேன் லா” என்று வந்து நின்றாள்.

பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன் என்பது என் மனைவி காலங்காலமாகச் சொல்லிவரும் புகார். அன்றும் அப்படித்தான் ஆயிற்று. பத்து நிமிடத்தில் நான் கதையின் பாதியைக்கூடத் தொடவில்லை. பின்னால் மேசையில் சாப்பிடப் பீஹூனும் கறிபஃபும் வந்து இறங்கிவிட்டன. ஜனங்களின் கண் அந்தப் பக்கம் போய்விட்டது. தாதியே கைதட்டலை ஆரம்பித்துவைத்து என்னை நாசூக்காக இறக்கிவிட்டாள். மீதியைச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் பிற்பகுதியில். சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியிருந்தேன். மார்க்கைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். நெஞ்சு நோய் கிளினிக் ஒன்றில் வீட்டுப் பார்வையாளர் வேலை கிடைத்தது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பினாயில் வாசனை, எலும்புகளின் ஆங்கிலப் பெயர்கள், இருமுகிறவருக்கு எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருவது, அவ்வளவுதான். அது முடிந்ததும் ஒரு சைக்கிளும் ஒரு தோல்பையும் கொடுத்து, சிராங்கூன் ரோடும் அதன் இருபக்கச் சந்துகளும் என் பொறுப்பு என்றார்கள்.

காசநோய் அப்போது வீட்டுக்கு வீடு இருந்த பயம். மருந்து வந்துவிட்டது, ஆனால் ஒன்றரை வருடம் ஒரு நாளும் விடாமல் விழுங்க வேண்டும். இருமல் இரண்டு மாதத்தில் நின்றுவிடும். நின்றதும், ‘எனக்குத்தான் சரியாப் போச்சே’ என்று மாத்திரையைப் பரண்மேல் போட்டுவிடுவார்கள். கொஞ்ச நாளில் நோய் திரும்பி வரும். வரும்போது முன்னைவிடக் கெட்டியாக வரும். அப்படி விடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

அதற்கு எனக்குக் கொடுத்த ஆயுதம் ஓர் அச்சடித்த தாள். நன்றாகச் சாப்பிடவும், நன்றாக ஓய்வெடுக்கவும், காற்றோட்டமான அறையில் தூங்கவும், கவலையைத் தவிர்க்கவும். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன் நான். விட்டேனா? வீடு வீடாகப் போய் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். டன்லப் ஸ்திரீட் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில், பலகை தடுத்த அறை ஒன்றில், ஓர் அம்மாள் தன் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் கவனமாகக் கேட்டார்.

“ஜன்னலைத் திறந்து வச்சுத் தூங்கணும்மா” என்று முடித்தேன்.

“அழகாப் பேசுறீங்க தம்பி. எந்த ஜன்னல?” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். நாலு பக்கமும் பலகைதான்.

இதைக் கிளினிக்கில் ஒரு வேடிக்கையாகச் சொல்லப்போய் எங்கள் சிஸ்டரிடம் மாட்டிக்கொண்டேன். சிஸ்டர் டான் பினாங்குக்காரர். குள்ளமான உருவம், வெள்ளைச் சீருடையில் ஒரு மடிப்பும் கலையாது, குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. நோயாளிகளிடம் பஸார் மலாயில், அதாவது கடைத்தெருப் பேச்சு மலாயில், பேசுவார். தமிழில் அவருக்குத் தெரிந்தது ‘சாப்டாச்சா?’ ஒன்றுதான், அதையும் சீனக் கிழவர்களிடம் உட்பட எல்லோரிடமும் கேட்பார். என்னோடு ஆங்கிலம். அதைத் தமிழாக்கித்தான் இங்கே எழுதுகிறேன்.

“அந்தத் தாளை எத்தனை பேருக்கு வாசித்தாய்?” என்றார்.

சொன்னேன்.

“எத்தனை பேர் ஏதாவது ஒன்றை மாற்றிக்கொண்டார்கள்?”

அவர் என் பையிலிருந்து மிச்சத் தாள்களை எடுத்து, மருந்து டிரேக்களின் அடியில் விரிப்பதற்குக் கொடுத்துவிட்டார். பிறகு கோடு போட்ட ஒரு வெற்று அட்டையை நீட்டினார். நோயாளியிடம் போய் உட்கார். காலையில் கண் விழித்ததும் என்ன செய்வார் என்று கேள், எழுது. அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று படுக்கும்வரை கேள். புத்தி சொல்லாதே. அட்டையை என்னிடம் கொண்டுவா. இவ்வளவுதான் உத்தரவு.

கொண்டுபோனால் அட்டையை மேசையில் வைத்து, பென்சில் முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வருவார். “சுவரில் புதிதாக ஆணி அடிக்காதே. இவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற ஆணி எது, அதில் மாட்டு” என்பார். சினிமாக் கொட்டகை வாசலில் கச்சாங் பூத்தே விற்கும் ஒரு கடலைக்காரர் இருந்தார். பகலில் ஓய்வெடுங்கள் என்றால் சிரிப்பார். அவருடைய அட்டையில் ஒரு வரி இருந்தது. படம் ஆரம்பித்து ஜனங்கள் உள்ளே போனபின் வெளியே ஈ காக்காய் இருக்காது, அந்த நேரத்தில் தள்ளுவண்டியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். சிஸ்டர் அந்த வரியின்மேல் பென்சிலை வைத்தார். “நிற்க வேண்டாம், உட்காரட்டும். காலை நீட்டட்டும். அவித்த முட்டை ஒன்று அப்போது.” கடலைக்காரர் உட்கார்ந்தார், முட்டையும் சாப்பிட்டார், எடையும் ஏறியது. என் பேச்சுப் போட்டிப் பரிசு எதற்கும் உதவாதென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மற்றவர்களுக்குச் சொல்வதைத் தானும் செய்தார் என்பதுதான் சிஸ்டரிடம் எனக்குப் பிடித்தது. பன்னிரண்டரை மணிக்கு அறைக்கதவைச் சாத்திச் சப்பாத்தைக் கழற்றிவிடுவார். சாப்பிட்டு, பதினைந்து நிமிடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். வாசலில் பெரிய டாக்டரே நின்றாலும் அந்தப் பதினைந்து நிமிடம் முடிந்துதான் கதவு திறக்கும். அட்டையின் கடைசியில் அவரே சேர்த்த ஒரு கேள்வி உண்டு: ‘இந்த வாரம் எதற்குச் சிரித்தார்?’ இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் கேட்டு எழுதிக்கொண்டு போவேன்.

இனி ராமையா அண்ணனைப் பற்றி.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் மாவு மில் இருந்தது. மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் அங்கே அரைபடும். சந்து முனையிலேயே நமக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். அங்கே வேலை பார்த்தவர்களில் இருமாதவர் யாருமில்லை. இருமலை ஒரு நோயாக யாரும் நினைக்கவுமில்லை. எக்ஸ்ரே வண்டி அந்தச் சந்துக்கு வந்தபோது வேடிக்கைக்காக ஏறியவர் ராமையா. நாற்பதை நெருங்கிய வயது, மெலிந்த உடம்பு. வலது நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் விழுந்திருந்தது.

வேலையிலிருந்து நிறுத்தினோம். மூன்று மாதம் தினமும் கிளினிக்குக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டார், கூடவே மாத்திரை. சளியில் கிருமி இல்லையென்று வந்தது. எடை ஏறியது. மில் முதலாளி ஒரு ராவுத்தர், நல்ல மனுஷர். இடிக்கிற அறையில் வேண்டாம், வெளியே உட்கார்ந்து சாக்குத் தைக்கட்டும் என்று திரும்ப எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளும்போது எல்லோர் காதிலும் விழும்படி ஒன்று சொன்னார்: “ஒருத்தர்னா நான் சமாளிச்சுக்குவேன். இன்னொருத்தருக்கும் இந்தச் சீக்குன்னா சாமான் வாங்க எவன் வருவான்? மில்லை இழுத்து மூட வேண்டியதுதான்.”

ஊசி முடிந்தபின் மீதிக் காலத்துக்கு மாத்திரை மட்டும். வீட்டிலேயே சாப்பிட வேண்டும். வெள்ளை வெள்ளையாக ஒரு கை நிறைய, வயிற்றைப் புரட்டும். நான் ராமையாவோடு உட்கார்ந்து நாள் அட்டை எழுதினேன். அவர் பேசச் சங்கோசப்படுகிறவர். ஆனால் ஒரு வரியைச் சொல்லும்போது மட்டும் முகம் மலர்ந்தது.

“காலையில ஏழு மணிக்குக் கோப்பி தம்பி. மழையோ வெயிலோ, அது தவறாது. பதினாறு வருஷமா அப்படித்தான்.”

இதைவிட நல்ல ஆணி எங்கே கிடைக்கும்? சிஸ்டரும் தலையசைத்தார். ஏழு மணிக்குக் கோப்பியோடு மாத்திரை என்று என் கையெழுத்தில் எழுதினேன். மில்லின் மாடியில் அவர் படுக்கும் இடத்தை ஜன்னலோரம் மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை எஸ்பிளனேட் வரை நடந்துபோய்க் கடற்காற்று வாங்கச் சொன்னோம். மாத்திரை விழுங்கிய ஒவ்வொரு நாளும் காலண்டரில் ஓர் அடையாளம் வைக்கச் சொன்னேன். அவர் விரலில் மஞ்சள் எப்போதும் ஒட்டியிருக்கும். கட்டை விரலைத் தேதியின்மேல் அழுத்திவிடுவார். மாதா மாதம் அந்தக் காலண்டரைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு கட்டம்கூட வெறுமையாக இருக்காது. மற்ற நோயாளிகளிடமெல்லாம், “ராமையா அண்ணனைப் பாருங்க, கத்துக்குங்க” என்று அளந்துகொண்டிருந்தேன்.

நாலைந்து மாதம் போயிற்று. அவருடைய எடை ஏறுவது நின்றது. பிறகு இறங்கியது. அடுத்த சளிப் பரிசோதனையில் கிருமி மறுபடியும் தெரிந்தது.

சிஸ்டர் சிறுநீர்ச் சோதனைக்குச் சொன்னார். அந்த வெள்ளை மாத்திரையைச் சாப்பிட்டவரின் சிறுநீரில் ஒரு பழுப்புத் திரவத்தைச் சில சொட்டு விட்டால் கத்திரிப்பூ நிறம் வரும். சாப்பிடாதவருக்கு வராது. நோயாளி பொய் சொல்கிறாரா என்று பார்க்க எங்களுக்கிருந்த ஒரே வழி. சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சீசாவில் வாங்கிவருவோம். ராமையாவின் குழாயில் நிறம் வந்தது. “பாத்தீங்களா சிஸ்டர்!” என்று குதித்தேன்.

அவர் குதிக்கவில்லை. அன்றைய மற்ற நோயாளிகளின் குழாய்களை வரிசையாக நிறுத்தி, ராமையாவினுடையதை நடுவில் வைத்து, பின்னால் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தார். மற்றவை அடர்ந்த நிறம். நடுவில் இருந்தது மட்டும் வெளிறியிருந்தது. மறுவாரமும் அப்படியே. மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி எண்ணினோம். கணக்குச் சரியாக இருந்தது.

“சாப்பிடுகிறார். ஆனால் முழுதாகச் சாப்பிடவில்லை. மிச்சம் எங்கே போகிறது?” என்றார் சிஸ்டர்.

“அவர் பொய் சொல்ற ஆள் இல்லை சிஸ்டர்.”

“பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லையே.” ராமையாவின் அட்டைகளை எடுத்துப் பரப்பினார். பென்சில் முனை ஒவ்வோர் அட்டையிலும் கடைசி வரிக்குப் போய் நின்றது. எதற்குச் சிரித்தார்? தங்கவேலு கப்பல் கதை சொன்னதற்கு. தங்கவேலு மாம்பழம் வாங்கப் போய் ஏமாந்ததற்கு. தங்கவேலு பாடியதற்கு. எல்லாம் நான் எழுதியதுதான். “யார் இந்தத் தங்கவேலு?”

அடுத்த இயந்திரத்தில் வேலை பார்க்கும் கூட்டாளி, ஒரே கப்பலில் வந்தவர்கள், பக்கத்துப் படுக்கை என்றேன். அதற்குமேல் எனக்கும் தெரியாது.

“நாளைக் காலை ஏழு மணிக்கு அங்கே போ. கோப்பி குடிப்பதைப் பார். பேசாதே. பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்.”

போனேன். சந்து முனையில் கோப்பி, தேநீர் விற்கும் சரபத் கடை. ராமையாவும் தங்கவேலுவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கவேலு வாட்டசாட்டமான ஆள் என்று நினைவு. அன்றைக்குச் சட்டை தொளதொளத்துக் கிடந்தது. ராமையா ஒரே ஒரு கோப்பி வாங்கினார், கூட ஒரு காலி கிளாஸ். பாதியை அதில் ஊற்றினார். உயர்த்திப் பிடித்து அளவு பார்த்தார். மடியிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று மாத்திரைகளை இரண்டு பங்காக வைத்தார். ஒன்று கூடுதலாக வர, அதைப் பல்லால் கடித்து இரண்டாக்கினார். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்கள்.

பேசாதே என்று சிஸ்டர் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. எனக்குக் கோபம் வந்தால் முன்பின் தெரியாது.

“என்னண்ணே பண்றீங்க? அறிவிருக்கா உங்களுக்கு?”

ராமையா துள்ளி எழுந்தார். “சத்தம் போடாதீங்க தம்பி. மில்லுக்குக் கேட்டுரும்.”

“யாருக்குக் குடுத்த மருந்து இது?”

“எனக்குத்தான். இவனுக்கும் அஞ்சு மாசமா இருமுது. எனக்கு வந்த மாதிரியே உடம்பு இளைக்குது. எக்ஸ்ரே படம் எடுக்கப் போடான்னா போக மாட்டேங்கிறான்.”

தங்கவேலு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எனக்கும் இருக்குன்னு தெரிஞ்சா மொதலாளி மில்லை மூடிருவாரு. அப்புறம் இவனுக்கும் வேலை இல்ல. அத்தனை பேருக்கும் இல்ல.”

“அதுக்காகப் பாதி மருந்தா? ரெண்டு பேரும் சாகப்போறீங்களா?”

ராமையா எப்போதும் என் முகத்தை நேராகப் பார்க்க மாட்டார். அன்றைக்குப் பார்த்தார்.

“பதினாறு வருஷமா ஒரு கோப்பியை ரெண்டா ஊத்தித்தான் குடிக்கிறோம். நீங்க அந்தக் கோப்பியோட மருந்தைச் சாப்பிடுன்னீங்க. இவன் பக்கத்துல உக்காந்து இருமிக்கிட்டிருக்கான். நான் மட்டும் ஒத்தையா முழுங்குனா தொண்டையில எறங்குமா தம்பி? நீங்களே சொல்லுங்க.”

பாதி மருந்து கிருமியைக் கொல்லாது. மருந்துக்கு அதைப் பழக்கிவிடும். பிறகு முழு மருந்து கொடுத்தாலும் சட்டை செய்யாது. இதை நான் அவருக்கு ஒருமுறை சொல்லியிருக்க வேண்டும். அதைவிட, அந்தக் கோப்பியை யாரோடு குடிக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நல்ல ஆணி என்று நான் மெச்சிக்கொண்டது ஓர் ஆளின் பழக்கமே இல்லை. இரண்டு பேருடையது. மருந்தும் அந்தப் பழக்கத்தின் வழியே இரண்டாகிவிட்டது. ராமையா நான் எழுதியபடியே செய்தார்.

கிளினிக்குக்குத் திரும்பி சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை, எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றும் சொன்னேன்.

“இன்று உனக்கு இன்னும் எத்தனை வீடு?” என்றார்.

“ஆறு.”

“முதலில் அதை முடி. அட்டையை நானும்தான் பார்த்துத் தலையாட்டினேன்.” பிறகு மேசையிலிருந்த வெற்று அட்டைகளின் கட்டை இழுத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக, கோப்பி சாப்பாடு தூக்கம் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பேனாவால் ஒரு கட்டம் வரைந்து ‘யாருடன்?’ என்று எழுத ஆரம்பித்தார். அந்தக் கட்டு முடியும்வரை எழுதினார். அன்று பன்னிரண்டரைக்குக் கதவு சாத்தவில்லை. எனக்குத் தெரிந்து அந்த ஒரு நாள்தான்.

மாலையில் அவரே மில்லுக்கு வந்தார். முதலாளி நாற்காலி போடச் சொன்னார், சிஸ்டர் மிளகாய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டு, “சாப்டாச்சா?” என்றார். பிறகு மலாயில் மெதுவாகப் பேசினார். வைத்தியம் செய்துகொள்கிறவனால் பயமில்லை, மறைக்கிறவனால்தான் பயம். இவர்கள் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டால் மூன்றாவது ஆள் உங்களிடம் வாய் திறப்பானா? முதலாளி தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். “நான் கோபத்துல சொன்ன வார்த்தை. அதைப் போய் இப்படிப் புடிச்சுக்கிட்டாங்களே” என்று என்னிடம் தமிழில் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. இருவரும் குணமாகி வரும்வரை மாடியில் அவர்கள் இடத்தில் வேறு யாரையும் படுக்கவைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார்.

படம் எடுத்துப் பார்த்ததில் தங்கவேலுவுக்கும் நோய் இருந்தது. இருவரையும் வார்டில் சேர்த்தோம். கிருமிக்கு எந்த மருந்து இன்னும் கேட்கிறது என்று பார்க்கச் சளியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு மாதம் போல ஆகும். அந்த இரண்டு மாதமும் நான் எந்த வீட்டிலும் எதையும் சிரத்தையாகச் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சைக்கிளில் போகும்போதெல்லாம் என் கையெழுத்து கண் முன்னால் நிற்கும்.

முடிவு வந்தது. தங்கவேலுவின் கிருமிக்கு எல்லா மருந்தும் கேட்டது. ராமையாவுடையதற்கு முக்கியமான மாத்திரை இனிமேல் கேட்காது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். திரும்ப ஊசி, வேறு மாத்திரை. வாயெல்லாம் இரும்புச் சுவையாக இருக்கும், சாப்பாடு இறங்காது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும், நிச்சயமும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

இதைத் தங்கவேலுவிடம் யார் சொன்னார்களோ தெரியவில்லை. மறுநாள் வார்டுக்குப் போனபோது அவருடைய மாத்திரைக் கிண்ணம் தொடாமல் இருந்தது.

“அவன் உசுரைப் பாதி தின்னவன் நான். இதையும் அவனுக்கே குடுங்க” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை, நன்றாகத்தான் பேசியிருப்பேன். அவர் அசையவில்லை. வார்டின் மறுகோடியில், ஊசி போட வந்த தாதியிடம் ராமையா கையைக் கொடுக்க மறுப்பது தெரிந்தது. எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து தங்கவேலுவின் கட்டில் காலடியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

“நீ முழுங்கு. அப்பத்தான் நான் ஊசி போட்டுக்குவேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, இங்கதான் உக்காந்திருக்கேன்.”

அரை மணி நேரம் இருக்கும். ஊசிக்காரத் தாதி முணுமுணுத்தாள். நான் அவளைப் பார்த்துக் கையமர்த்தினேன். கடைசியில் தங்கவேலு எழுந்து உட்கார்ந்து, அழுதுகொண்டே ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் விழுங்கினார். ராமையா சட்டைக் கையைச் சுருட்டினார்.

வார்டிலிருந்து வந்தபின் வீட்டில் மருந்து வேண்டாம் என்று முடிவெடுத்தார் சிஸ்டர். மில் திறப்பதற்கு முன் தினமும் கிளினிக்குக்கு வர வேண்டும், எங்கள் கண்ணெதிரே விழுங்க வேண்டும். சுவரோரம் ஒரு பெஞ்சு போட்டோம். அந்த வேளையை நான் ஏற்றுக்கொண்டேன். அவரவர் கிண்ணத்தில் அவரவர் மருந்து, ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர். ஒரு பதிவேட்டில் பெயர், மருந்து, தேதி, என் கையெழுத்து. முதலாளி இருவருக்கும் வெளிவேலை கொடுத்திருந்தார். சில நாள் ராமையாவுக்கு வாந்தி வரும். தங்கவேலு எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்து மறுபடி விழுங்க வைப்பார். அந்தப் பெஞ்சில்தான் என் மனசும் கொஞ்சம் கொஞ்சமாக நேரானது.

தங்கவேலுவின் ஒன்றரை வருடம் முதலில் முடிந்தது. படம் சுத்தம், சளி சுத்தம். “இனி நீங்க வர வேண்டாம்ணே” என்று நானே கைகுலுக்கி அனுப்பினேன். ராமையாவுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

மறுநாள் காலை அதே நேரத்துக்கு இருவரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“உங்களுக்குத்தான் முடிஞ்சு போச்சேண்ணே.”

“எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மட்டும் குடுங்க தம்பி” என்றார் தங்கவேலு.

கொடுத்தேன். ராமையா ஒரு மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்தால் இவரும் ஒரு வாய் குடிப்பார். அடுத்ததற்கு அடுத்த வாய். ராமையா முகத்தைச் சுளித்தால் இவரும் கசப்பைக் குடித்ததுபோல் முகத்தைச் சுளிப்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டம்ளரைக் கீழே வைப்பார்கள். எட்டு மாதமும் ஒரு நாள் தவறவில்லை.

பதிவேட்டில் தங்கவேலுவின் பெயரை என்ன செய்வது என்று சிஸ்டரைக் கேட்டேன். அவர் பேனாவை வாங்கி, மருந்து என்ற இடத்தில், ‘தண்ணீர், ஒரு டம்ளர்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். நானும் தினமும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒருமுறை பெரிய டாக்டர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, இது என்ன வைத்தியம் என்று கேட்டார்.

“நன்றாகக் கேட்கிறது டாக்டர், நிறுத்த வேண்டாம்” என்றார் சிஸ்டர்.

ராமையாவின் கடைசிப் பரிசோதனையும் சுத்தம் என்று வந்த அன்று நான் பதிவேட்டைத் திறந்தேன். இரண்டு பெயர்களுக்கும் எதிரே ஒரே தேதி போட்டு, ‘சிகிச்சை முடிந்தது’ என்று எழுதினேன்.